பழைய எக்ஸ்5, எம்எல், க்யூ7, டிஸ்கவரி: எந்த என்ஜினை நம்பி வாங்கலாம்?

கொங்கு_டிரைவர் (கோவை)

வணக்கம். பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குள் பழைய சொகுசு எஸ்யூவி ஒன்று வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. "அந்தக் காசுக்குப் புது வண்டியே வருமே" என்று கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள், அந்தக் கட்டத்தைத் தாண்டியாச்சு.

பார்த்து வைத்திருப்பவை நான்கு. 2010 பதிவு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 30டி, 2011 மெர்சிடிஸ் எம்எல் 350 சிடிஐ, 2012 ஆடி க்யூ7 3.0 டிடிஐ, 2011 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4. நான்குமே மூன்று லிட்டர் டீசல். எக்ஸ்5 மட்டும் நேர்வரிசை ஆறு சிலிண்டர், மற்றவை வி6. ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். அவ்வப்போது ஊட்டி, குடும்பத்தோடு சென்னை.

கேள்வி என்ஜினைப் பற்றி மட்டும். ஏர் சஸ்பென்ஷன் இறங்கும், சென்சார் போகும், அதெல்லாம் தெரியும். அவை காசு கேட்கும், ஆனால் வண்டியை முடிக்காது. என்ஜின் போனால் வண்டியை விற்கக்கூட முடியாது. இந்த நான்கில் எந்த பிராண்டை நம்பலாம்?


கணக்குப்பிள்ளை (திருச்சி)

யானை வாங்கப் போகிறவர் அங்குசத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் வைத்திருந்தால் பேசலாம். இல்லையென்றால் நல்ல இன்னோவா ஒன்றைப் பாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி வாயைத் திறக்கவில்லை.


ஸ்பேனர்13 (சென்னை)

தம்பி, பிராண்டை விடுங்கள். என்ஜின் கோடு என்ன, எந்த மாதம் தயாரானது, இந்த இரண்டையும் கேளுங்கள். ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இரண்டு வேறு என்ஜின்கள் இருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் 2010 எக்ஸ்5தான் இதற்குச் சரியான உதாரணம்.

இ70 என்ற கோடு கொண்ட இந்தத் தலைமுறை எக்ஸ்5 2006 கடைசியில் வந்தது. 2010 நடுவில் முகமாற்றம். அதற்கு முந்தைய 30டியில் இருப்பது எம்57, 235 பிஎஸ் (குதிரைத்திறன்). அதற்குப் பிந்தைய 30டியில் இருப்பது என்57, 245 பிஎஸ். பத்து குதிரை கூடியதை விளம்பரத்தில் போட்டார்கள். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் இடம் மாறியதைப் போடவில்லை.

எம்57இல் செயின் என்ஜினின் முன்பக்கம். என்57இல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. காரை மெலிதாக, பாதுகாப்பாக வடிவமைக்க அது வசதி என்றார்கள். ஆனால் செயின் தளர்ந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்த்தாலும் பாகங்களின் விலை பெரிதல்ல. இறக்கி ஏற்றும் கூலிதான் லட்சங்களுக்குக் கொண்டுபோகும்.

என்57 மோசமான என்ஜின் என்று நான் சொல்லவில்லை. இதே காலத்து நான்கு சிலிண்டர் என்47இல் செயின் அறுந்த கதைகள் ஏராளம். என்57இல் அவ்வளவு இல்லை. அதிலும் தொடக்க ஆண்டு வண்டிகளில்தான் பேச்சு அதிகம். என் கருத்தில் அதைக் கெடுப்பது ஆயில்தான். கார் கணக்குப் போட்டு "இப்போது சர்வீஸ்" என்று காட்டும்வரை காத்திருந்தால் 25,000 கி.மீ. வரைகூட ஒரே ஆயில் ஓடும். நம் ஊர் வெயில், போக்குவரத்து நெரிசல், தூசி, இதற்கெல்லாம் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவதுதான் அளவு. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய இடைவெளியைப் பாருங்கள். 20,000, 22,000 என்று வரிசையாக இருந்தால் அந்த என்57 எனக்கு வேண்டாம்.

எம்57க்கும் வியாதி உண்டு. இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், காற்றைச் சுழற்றிவிடும் ஸ்விர்ல் ஃப்ளாப் தகடு. பழைய இ39, இ46 காலத்து வண்டிகளில் அந்தத் தகடு உடைந்து சிலிண்டருக்குள் விழுந்து என்ஜினையே முடித்துவிடும். இ70க்கு வந்த பதிப்பில் அந்த அபாயம் குறைவு, ஆயில் கசிவுதான் அதிகம். கழற்றிவிட்டு அடைப்புத் தகடு போடுபவர்கள் பலர். அப்புறம் கிராங்க் புல்லி. நடுவில் ரப்பர் இருக்கும், அது வெடித்து பெல்ட்டைத் தூக்கி எறியும். கையில் டார்ச் அடித்துப் பார்த்தாலே விரிசல் தெரியும்.


கொங்கு_டிரைவர் (கோவை)

அண்ணா, நன்றி. ஆர்சியில் 2010 என்று மட்டும்தான் இருக்கிறது. எம்57ஆ என்57ஆ என்று வண்டியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவருக்கே தெரியவில்லை. "ஜெர்மன் என்ஜின் சார்" என்கிறார்.


ஸ்பேனர்13 (சென்னை)

கியரை எண்ணுங்கள். எம்57 வந்த 30டிக்கு ஆறு கியர், என்57 வந்ததற்கு எட்டு கியர். நெடுஞ்சாலையில் மேனுவல் மோடில் போட்டு ஏற்றிக்கொண்டே போனால் மீட்டரில் தெரிந்துவிடும். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் தயாரிப்பு மாதமும் என்ஜின் கோடும் இணையத்திலேயே வரும். அதுதான் உறுதியானது. 2010 பதிவு என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், 2009இல் தயாராகி ஷோரூமில் நின்றதாகவும் இருக்கலாம்.

இரண்டுமே இசட்எஃப் கியர்பாக்ஸ். "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைக் கேட்பேன்.


சிடிஐ_மதுரை (மதுரை)

எம்எல் வைத்திருப்பவன் என்ற முறையில் பேசுகிறேன். அதில் இருப்பது ஓஎம்642. 2005இலிருந்து மெர்சிடிஸ் எதில்தான் இதை வைக்கவில்லை! இ கிளாஸ், எஸ் கிளாஸ், ஜிஎல், ஸ்ப்ரின்டர் வேன், ஜீப் கிராண்ட் செரோகி வரைக்கும் போனது. வேனில் வைத்துச் சரக்கு ஏற்றி ஓட்டிய என்ஜின் என்பதே எனக்குப் பாதி நம்பிக்கை. செயின் முன்பக்கம்தான்.

இதன் பலவீனம் ஊரறிந்தது: ஆயில் கூலர் சீல். கூலரை இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில், வி பள்ளத்தின் அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் மேனிஃபோல்டு, டர்போ எல்லாம் உட்கார்ந்திருக்கும். சூட்டில் சீல் கட்டையாகிப்போனால் ஆயில் பள்ளத்தில் தேங்கி, என்ஜினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர்கள் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலான ரியர் மெயின் சீல் போய்விட்டது என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்குவார்கள். இறக்கி மாற்றியும் சொட்டும். அதற்குப் பிறகுதான் மேலே பார்ப்பார்கள்.

முதலில் வந்த சீல் ஆரஞ்சு நிறம். பிறகு வந்த மேம்பட்ட ரகம் ஊதா, அது விட்டான் ரப்பர், சூட்டைத் தாங்கும். சீல் விலை ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் அளவுதான், கூலிதான் அடி. நான் வாங்கிய வண்டிக்கு முந்தைய உரிமையாளரே இந்த வேலையை முடித்து பில்லும் வைத்திருந்தார். அந்த பில்லைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதைவிடப் புது வருஷம், குறைந்த ஓட்டம் என்று காட்டிய இன்னொன்றை விட்டுவிட்டேன்.

இன்னொன்று, டர்போ வாயில் ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கும். அது கசிந்தால் ஆயில் நேராகக் கீழே இருக்கும் ஸ்விர்ல் ஃப்ளாப் மோட்டார் மேல் சொட்டி அதைக் கெடுக்கும். விளக்கு எரியும், வண்டி லிம்ப் மோடுக்குப் போகும், வேகம் எடுக்காது. மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டுச் சீலை விட்டால் மறுபடியும் போகும். மேலே மூடியைக் கழற்றி அந்த இடம் ஈரமாக இருக்கிறதா பாருங்கள்.


லேண்ட்குரூசர்_பைத்தியம் (சேலம்)

இவ்வளவு படித்துவிட்டும் ஒருவரும் டொயோட்டா என்று சொல்லவில்லையே! பிராடோ ஒன்று வாங்குங்கள், என்ஜின் கோடே தெரிய வேண்டாம்.


ஸ்பேனர்13 (சென்னை)

டொயோட்டா மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அங்கேயும் கோடு கேட்க வேண்டும். பிராடோவிலும் முதல் தலைமுறை ஃபார்ச்சூனரிலும் இருப்பது 1கேடி, மூன்று லிட்டர் நான்கு சிலிண்டர். இன்ஜெக்டர் உட்காரும் செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலுக்குள் போய், கரி கட்டி, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிரஷர் விழுந்தது தெரியாமலே ஓட்டினால் பேரிங் போகும். டைமிங் பெல்ட் வேறு, நேரம் வந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கை அணைத்துவிட்டு பெல்ட்டை மாற்றாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

200 தொடர் லேண்ட் குரூசரின் 4.5 வி8 டீசல், 1விடி, அது வேறு ரகம். அருமையான என்ஜின். ஆனால் தம்பி சொன்ன பட்ஜெட்டில் அதன் நான்கு சக்கரம் வருமா என்பது சந்தேகம். டொயோட்டாவில் நம்பகத்தை முன்பணமாகக் கட்டி வாங்குகிறோம், ஜெர்மன் வண்டியில் பிறகு தவணையில் கட்டுகிறோம்.


லேண்ட்குரூசர்_பைத்தியம் (சேலம்)

முன்பணம் கட்டியவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறான். அவ்வளவுதான் சொல்வேன்.


தேம்ஸ்_கரை (லண்டன்)

வணக்கம் தம்பி. டிஸ்கவரி 4 பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். இங்கே அந்த வண்டி தெருவுக்குத் தெரு நிற்கும். ஓட்டுவதற்கு உங்களின் பட்டியலில் அதைப் போல சுகமான வண்டி கிடையாது. ஆனால் 3.0 டிடிவி6, எஸ்டிவி6 என்ஜினில் கிராங்க்ஷாஃப்ட் பேரிங் சுழன்று, ஷாஃப்டே உடைகிற பிரச்சினை இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முன்னறிவிப்பு சில நேரம் இருக்கும், சில நேரம் இராது. மோட்டர்வேயில் போய்க்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். பிறகு என்ஜின் மாற்றுவது தவிர வழியில்லை.

அதுக்கு மேலே, இரண்டு பெல்ட். முன்னுக்கு டைமிங் பெல்ட், பின்னுக்கு டீசல் பம்புக்கான பெல்ட். முன்னுக்கு இருப்பதை மாற்றிவிட்டு "பெல்ட் மாற்றியாச்சு" என்று விற்கிறவர்களைக் கவனியுங்கோ. பெரிய வேலைகளுக்கு மேல் உடலையே சேசிஸிலிருந்து தூக்கித்தான் செய்கிறார்கள். அந்த வசதி கோயம்புத்தூரில் எத்தனை இடத்தில் இருக்கு?

லேண்ட் ரோவர்தான் வேணும் என்றால் 3.6 டிடிவி8 வந்த ரேஞ்ச் ரோவர் பாருங்கோ, அது நல்ல என்ஜின். ஒரு வேடிக்கை: 2002 முதல் 2006 வரை வந்த ரேஞ்ச் ரோவர் டிடி6இல் இருப்பது மேலே அண்ணை சொன்ன அதே எம்57தான். என்ஜின் நிற்காது, கியர்பாக்ஸ்தான் பாதியில் கைவிடும்.

இன்னொரு விஷயமும் சொல்லவேணும். 2023 ஆகஸ்ட் 29இலிருந்து லண்டன் முழுக்க யூலெஸ், அதாவது புகை கூடின வண்டிகளுக்கான கட்டணம், வந்துவிட்டது. யூரோ 6 இல்லாத டீசலை எடுத்துக்கொண்டு வெளியே போனால் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை பவுண்ட். அதால இந்த வண்டிகள் எல்லாம் இங்கே விலை விழுந்து கிடக்கு. ஆனால் எந்த வண்டியென்றாலும் பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி (வருஷாந்தத் தகுதிச் சோதனை) முடிவுகள் முழுக்க, ஒவ்வொரு வருஷ மைலேஜோடு, அரசாங்கத் தளத்தில் இலவசமாய்ப் பார்க்கலாம். உங்களுக்கு அப்படி ஒன்று இருக்கா?


கொங்கு_டிரைவர் (கோவை)

அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன் அண்ணா. டிஸ்கவரியை எடுத்துவிட்டேன். மனைவிக்குத்தான் வருத்தம், அவருக்கு அந்தப் பின்கண்ணாடி பிடித்திருந்தது.

க்யூ7 எப்படி? பட்டியலில் ஓட்டம் குறைவானது அதுதான், 68,000 கி.மீ. டெல்லி வண்டி.


ஸ்பேனர்13 (சென்னை)

க்யூ7இன் 3.0 டிடிஐயிலும் செயின் பின்பக்கம்தான். என்57க்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். 2010-11வாக்கில் இந்த என்ஜினின் இரண்டாம் தலைமுறை வந்தது, 245 பிஎஸ். அதில் செயின் அமைப்பை எளிமையாக்கினார்கள், எட்டு கியர் வந்தது. 2012 என்றால் உங்களுக்கு அது கிடைக்கும், நல்லதுதான்.

ஆனால் அந்தப் பிந்தைய என்ஜினில் போஷ் சிபி4 டீசல் பம்ப் வருகிறது. டீசலின் வழுவழுப்பை மட்டுமே நம்பி உள்ளே உராயும் பாகங்கள் கொண்ட பம்ப். டீசலில் தண்ணீரோ கலப்படமோ இருந்தால் உள்ளே உரசி இரும்புத் தூளை உதிர்க்கும். அந்தத் தூள் டீசலைப் பகிரும் ரெயில் குழாய், இன்ஜெக்டர், திரும்பும் குழாய், டேங்க் எல்லா இடத்துக்கும் போகும். பம்பை மட்டும் மாற்றினால் பயனில்லை, டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாமே மாற்ற வேண்டும். அந்த பில்லுக்கு இன்னொரு பழைய கார் வரும். எல்லா சிபி4உம் போகாது. போனால் இப்படித்தான் போகும். டீசல் ஃபில்டரைத் திறந்து, வடித்த டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

டெல்லி வண்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் என்ஜின் இல்லை, சட்டம். பத்து வருஷம் தாண்டிய டீசல் தலைநகர் பகுதியில் ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து அங்கே வயதான டீசல் வண்டிகள் தெற்கே வந்துகொண்டே இருக்கின்றன. மலிவு விலையோடு என்ஓசி, இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற சாலை வரி, இத்தனையையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

அப்புறம் 68,000 கி.மீ. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவ்வளவுதான் ஓடியதென்றால் இரண்டில் ஒன்று. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், அல்லது வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்று என்ஜின் சூடாவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டியிருக்கிறார்கள். டீசலுக்கு இரண்டாவதும் கெடுதல்தான். புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் கரி பிடிக்கும், புகைக் கரியை வடிகட்டும் டிபிஎஃப் இருந்தால் அடைக்கும். ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் ஓடிய 1,40,000 கி.மீ. வண்டியை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன்.


சிடிஐ_மதுரை (மதுரை)

அண்ணா சொன்ன கரி விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் பிஎஸ்4 மாசு விதிக்கான டீசல் வந்தது, கந்தகம் 50 பிபிஎம். மற்ற ஊர்களுக்கு பிஎஸ்3, கந்தகம் 350 பிபிஎம். 2017 ஏப்ரலில்தான் நாடு முழுக்க பிஎஸ்4 ஆனது. ஆக 2011 வண்டி சென்னையில் ஓடியதா, உள்மாவட்டத்தில் ஓடியதா என்பதைப் பொறுத்து ஆறு வருஷம் அது குடித்த டீசலே வேறு. ஈஜிஆர் கூலரும் ஆயிலும் எவ்வளவு அடிபட்டிருக்கும் என்பதற்கு அதுவும் ஒரு கணக்கு. விற்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை விட, வண்டி எந்த ஊரில் டீசல் போட்டது என்று கேளுங்கள்.

ஈஜிஆர் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல்கள் வரிசையாகத் தீப்பிடித்து ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தார்கள். காரணம் ஈஜிஆர் கூலர் உள்ளே கசிந்தது. குளிர்விக்கும் திரவமும் கரியும் சேர்ந்து மேனிஃபோல்டில் படிந்து பற்றிக்கொள்கிறது. என்57 வாங்குகிறவர்கள் கூலன்ட் குறைகிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். வெளியே எங்கேயும் சொட்டாமல் குறைந்தால் அங்கேதான் போகிறது.


பாலைவனப்பறவை (ஷார்ஜா)

எல்லோரும் டீசல் டீசல் என்கிறீர்கள், இங்கே வளைகுடாவில் பெட்ரோல் வி8 என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் கண்ணீர் வரும். எக்ஸ்5 50ஐ, பார்ப்பதற்குப் புத்தம் புதிது, விலை கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஊரிலும் அங்கொன்று இங்கொன்றாக இந்த வி8 விற்பனைக்கு வருகிறது. பெட்ரோல் செலவைத் தாங்க முடிந்தால் எடுக்கலாமா?


ஸ்பேனர்13 (சென்னை)

விலை ஏன் விழுந்தது என்று யோசியுங்கள். 50ஐயில் இருப்பது என்63. இரண்டு டர்போவையும் வி பள்ளத்துக்குள்ளேயே வைத்த முதல் தலைமுறை. சூடு எல்லாம் நடுவில் தங்கும். வால்வ் ஸ்டெம் சீல் கட்டையாகி ஆயில் குடிக்கும், சுற்றியிருக்கும் குழாய், வயர், இன்ஜெக்டர் எல்லாம் வெந்துபோகும். 2014 டிசம்பரில் பிஎம்டபிள்யூவே அமெரிக்காவில் இந்த என்ஜினுக்காகத் தனியாக ஒரு பராமரிப்புத் திட்டம் அறிவித்து செயின், இன்ஜெக்டர், பேட்டரி என்று பார்த்துக் கொடுத்தது. அதற்கு முந்தைய 4.8 லிட்டர் என்62இல் டர்போ இல்லை, ஆனால் அதிலும் வால்வ் சீல், நடுவில் ஓடும் கூலன்ட் குழாய்க் கசிவு.

மெர்சிடிஸ் பெட்ரோலிலும் பாருங்கள், தொடக்க கால எம்272 வி6இல் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும். அதற்கு என்ஜினை இறக்க வேண்டும். என்ஜின் எண்ணை வைத்து அது பழைய பல்சக்கரமா என்று சரிபார்க்கலாம்.

நீங்கள் அங்கேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் லெக்ஸஸ் எல்எக்ஸ்570, அதன் 5.7 வி8. கண்ணை மூடிக்கொண்டு இல்லை, ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் பார்த்துக்கொண்டு.


பாலைவனப்பறவை (ஷார்ஜா)

புரிந்தது. ஊருக்கு அனுப்பலாம் என்று ஒரு ஆசை இருந்தது, இங்கே எல்லாம் இடது ஸ்டியரிங், வயதும் மூன்று வருஷத்துக்கு மேல். விதிப்படி இறக்க முடியாது என்று தெரியும். ஆசைக்கு என்ன விதி.


கணக்குப்பிள்ளை (திருச்சி)

பேச மாட்டேன் என்றேன், முடியவில்லை. வோல்வோ எக்ஸ்சி90 டி5ஐ ஏன் யாரும் பார்ப்பதில்லை? ஐந்து சிலிண்டர், ஒரு டர்போ, குறுக்கே வைத்த எளிமையான என்ஜின். டைமிங் பெல்ட்தான், முன்பக்கம், ஒரு நாள் வேலை. பக்கத்தில் ஓடும் ஆக்சிலரி பெல்ட் கிழிந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் ஆபத்து, அதனால் இரண்டையும் டென்ஷனரோடு சேர்த்தே மாற்ற வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகும் ஆங்கிள் கியரில் ஒரு காலர் தேயும். அதற்கு மேல் பயமுறுத்த எதுவும் இல்லை. விலையும் குறைவு, ஏனென்றால் கல்யாண மண்டப வாசலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.


சிடிஐ_மதுரை (மதுரை)

கணக்குப்பிள்ளை சொன்னது சரியான தேர்வுதான், ஆனால் சென்னையை விட்டு வெளியே வந்தால் வோல்வோவுக்குக் கை வைக்க ஆள் தேட வேண்டும். பாகமும் அப்படித்தான். எம்எல்லுக்கும் எக்ஸ்5க்கும் புதுப்பேட்டையில் பழைய பாகம், இல்லையென்றால் இரண்டு நாளில் டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து புதுசு. போஷ், மாலே, லெம்ஃபோர்டர் என்று அசலைச் செய்பவர்களின் பெட்டியிலேயே கிடைக்கும். கம்பெனி முத்திரை இருக்காது, விலையும் பாதிதான்.


கொங்கு_டிரைவர் (கோவை)

சேசிஸ் எண் வாங்கிப் பார்த்துவிட்டேன். எக்ஸ்5 2009 நவம்பர் தயாரிப்பு, எம்57, ஆறு கியர். 1,52,000 கி.மீ. முதல் எட்டு வருஷ சர்வீஸ் முழுக்கக் கம்பெனி பதிவில் இருக்கிறது, பிறகு வெளியே ஒரே பட்டறை, பில் இருக்கிறது, 10,000-12,000 கி.மீ.க்கு ஒரு ஆயில். எம்எல் 98,000 கி.மீ., ஆனால் 2019க்குப் பிறகு ஒரு காகிதமும் இல்லை. ஆயில் கூலர் சீல் பற்றிக் கேட்டால் "அப்படி ஒரு சீலே இல்லை சார்" என்கிறார் புரோக்கர்.

சனிக்கிழமை எக்ஸ்5ஐப் பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?


ஸ்பேனர்13 (சென்னை)

இருக்கிற சீலே இல்லை என்று சொல்கிறவரிடம் எதற்கு வாங்க வேண்டும். எக்ஸ்5க்குப் போங்கள்.

காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், ஸ்டார்ட் செய்யாத வண்டியைப் பாருங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், "நாளை வருகிறேன்" என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் முதல் சில விநாடிகளில் சொல்லும் உண்மையைச் சூடான பிறகு சொல்லாது. செயின் சத்தம், குளோ பிளக் போயிருந்தால் நடுக்கம், இன்ஜெக்டர் கசிந்தால் வெள்ளைப் புகை எல்லாம் அப்போதுதான். நீலப் புகை டர்போ அல்லது வால்வ் சீல். நன்றாகச் சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேலேயே லேசாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, தூக்கி எறிந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

பிஎம்டபிள்யூவுக்கான இஸ்டா ஸ்கேனரோடு யாரையாவது கூட்டிப் போங்கள். கோவையில் தனிப் பட்டறைகளில் இருக்கிறது. எரர் கோடு மட்டும் பார்த்தால் போதாது, நேற்று அழித்திருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் திருத்த அளவு, டிபிஎஃப் இருந்தால் அதன் முன்பின் அழுத்த வித்தியாசம், இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இல்லை, வேறு மாட்யூலிலும் பதிவாகியிருக்கும். இரண்டும் பொருந்துகிறதா பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டம் போடுங்கள். இழுத்து இழுத்து வந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் பிரச்சினை. அதன் ஆக்சுவேட்டர் மோட்டாரில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்வது வழக்கம், அது மட்டும் என்றால் சின்ன செலவு, விலையில் குறையுங்கள். கியர்பாக்ஸ் அடியில் பிளாஸ்டிக் ஆயில் பேன், கசிவு இருக்கிறதா பாருங்கள்.


கணக்குப்பிள்ளை (திருச்சி)

என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். என்ஜின் மாற்றி ஆர்சியில் ஏற்றாத வண்டிகள் சந்தையில் உண்டு, பெயர் மாற்றும்போது ஆர்டிஓவில் மாட்டிக்கொள்வீர்கள். 2009 தயாரிப்பு, 2010 பதிவு என்றால் 15 வருஷ ஆர்சி முடிந்திருக்கும் அல்லது முடிகிற நேரம். எஃப்சி எடுத்துப் புதுப்பித்துவிட்டார்களா, பசுமை வரி கட்டியாச்சா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். புதுப்பிக்காமல் இருந்தால் அதை அவர்கள் செய்து தரட்டும், பணம் அதற்குப் பிறகு.


கொங்கு_டிரைவர் (கோவை)

ஆர்சி புதுப்பித்துவிட்டதாகச் சொன்னார், காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஸ்கேனரோடு வர ஒருவரைப் பேசியாச்சு. கிராங்க் புல்லிக்கு டார்ச்சும், ஃபில்டருக்கு வெள்ளைத் துணியும் எடுத்து வைத்துவிட்டேன். அண்ணா, ஸ்விர்ல் ஃப்ளாப்பை வாங்கியதும் எடுத்துவிடலாமா, கசியும்போது பார்த்துக்கொள்ளலாமா?


ஸ்பேனர்13 (சென்னை)

மேனிஃபோல்டு கரி சுத்தம் செய்ய எப்படியும் ஒரு தடவை கழற்றத்தான் வேண்டும். அப்போதே எடுத்துவிட்டு அடைப்புத் தகடு போடுங்கள், புது ஓ ரிங்கோடு. துணி எம்57க்குத் தேவைப்படாது, ஆனாலும் எடுத்துப் போங்கள், கை துடைக்க ஆகும்.